சௌந்தரம் இராமச்சந்திரன்

டி. எஸ். சௌந்தரம் என்றும் அறியப்படும் சௌந்தரம் இராமச்சந்திரன் (ஆகஸ்டு 18, 1904 – அக்டோபர் 21, 1984) தமிழகத்தைச் சேர்ந்த மருத்துவர், கல்விப் பணியாளர், அரசியல்வாதி ஆவார். திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையே, பழனி மலையின் கிழக்கு அடிவாரத்தை ஒட்டி அமைந்துள்ள காந்திகிராமம் என்னும் அமைப்பைத் தம் கணவர் கோ. இராமச்சந்திரனுடன் இணைந்து 1947-இல் நிறுவினார். சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் இருமுறை உறுப்பினராகவும், 1962 முதல் 1967 வரை நடுவண் அரசின் கல்வித்துறைத் துணை அமைச்சராகவும் இருந்தார். இந்திய அரசு 1962-இல் இவருக்குப் பத்ம பூசண் விருது வழங்கியது.

மருத்துவமனை நிறுவியவர் என்ற வகையிலேயே இவர் பெரும்பாலும் நினைக்கப்படுகிறார். எனினும் இவரது நாற்பதாண்டுப் பணியில் பெரும்பகுதி கல்வியைச் சார்ந்தது. பள்ளிக்குச் செல்லும் வயதைத் தவறவிட்ட பெண்களுக்கும், நகரத்துக் கல்லூரிகளை எட்ட இயலாத சிற்றூர் மாணவர்களுக்கும் மீண்டும் ஒரு வாயில் திறப்பது எப்படி என்பதே அப்பணியின் நடுவே இருந்த கேள்வியாகும்.

பிறப்பும் இளமையும்

சௌந்தரம் திருநெல்வேலியில் பிறந்தார். தந்தை டி. வி. சுந்தரம் ஐயங்கார், தாயார் இலட்சுமி அம்மாள். சுந்தரம் ஐயங்கார் 1911-இல் மதுரையில் தொடங்கிய போக்குவரத்து நிறுவனம் பின்னர் டி. வி. எஸ். என்னும் பெரும் தொழிற்குழுமமாக வளர்ந்தது. வசதியான குடும்பமாயினும் அக்கால வழக்கப்படி சௌந்தரத்திற்கு மிக இளம் வயதிலேயே திருமணம் நடந்தது. உறவினரான கணவர் சௌந்தரராஜன் மருத்துவர். மனைவி படிக்கவேண்டும் என்பதில் அவர் விருப்பம் கொண்டிருந்தார். பிளேக் நோய் பரவியபோது நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்து வந்த அவர் அந்நோய்க்கே பலியானார். சௌந்தரம் இளம் கைம்பெண் ஆனார்.

அக்காலத்தில் கைம்பெண்களின் நிலை என்ன என்பதை இன்றைய மாணவர்கள் எளிதில் உணர இயலாது. குறிப்பாகப் பிராமணக் குடும்பங்களில் கணவனை இழந்த சிறுமியின் வாழ்க்கை வீட்டின் ஓர் அறைக்குள் முடிந்துவிடும். குழந்தை மணத்தைக் கட்டுப்படுத்திய சாரதா சட்டமே 1929-இல்தான் இயற்றப்பட்டது. ஆயினும் முன்னோடிகள் சிலர் இருந்தனர். தாமும் இளம் கைம்பெண்ணாகிய சகோதரி சுப்புலட்சுமி 1911-இல் பட்டம் பெற்று, இளம் கைம்பெண்களுக்கென விடுதி நடத்தி, அவர்களை ஆசிரியைகளாக்கி வந்தார். முத்துலட்சுமி ரெட்டி 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றிருந்தார். கைம்பெண்ணுக்கு வெள்ளைப் புடவைக்கு அப்பாலும் ஒரு வாழ்வு உண்டு என்பதற்குச் சென்னையில் சான்றுகள் இருந்தன. பெரும்பாலான குடும்பங்கள் அவற்றைக் கண்டும் காணாமல் இருந்தன. சௌந்தரத்தின் பெற்றோர் மகளை மேற்படிப்புக்கு அனுப்பினர்.

மருத்துவக் கல்வி

சௌந்தரம் தில்லியிலுள்ள லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பெண்களுக்கெனவே 1916-இல் திறக்கப்பட்ட கல்லூரி அது. ஆண் மருத்துவரிடம் செல்ல மறுத்த பெண்களுக்குப் பெண் மருத்துவர்களை உருவாக்குவது அதன் நோக்கம். சௌந்தரம் 1936-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு அகவை முப்பத்திரண்டு. உடன் பயின்ற பலரினும் மூத்தவர்.

இந்தத் தாமதம் இவரது பிற்காலப் பணியைப் புரிந்துகொள்ள உதவுகிறது. கல்வி அமைப்பு என்பது ஐந்து வயதில் ஏறி இருபத்தொன்றில் இறங்கும் ஒரே தொடர்வண்டி போன்றது. இடையில் ஏற வழியில்லை. சௌந்தரம் இடையில் ஏறியவர். குடும்பத்தின் செல்வமும் பெற்றோரின் மனமும் அதற்கு உதவின. அவ்விரண்டும் இல்லாத பெண்களுக்கு என்ன வழி என்பதற்கு அவர் பின்னாளில் கண்ட விடைகளைக் கீழே காணலாம்.

காந்தியுடன் தொடர்பும் மறுமணமும்

தில்லிக் கல்லூரியில் சுசீலா நய்யார் இவருக்குத் தோழியானார். அவர் வழியாகக் காந்தியடிகளின் அறிமுகம் கிடைத்தது. அக்காலத்திலேயே கேரளத்தைச் சேர்ந்த கோ. இராமச்சந்திரனையும் (1904–1995) சந்தித்தார். இராமச்சந்திரன் சாந்திநிகேதனில் தாகூரிடம் பயின்றவர். காந்தியின் ஆசிரமத்தில் வாழ்ந்தவர். தீண்டாமை ஒழிப்புப் பணியில் ஈடுபட்டிருந்தவர். இருவரும் மணம் செய்துகொள்ள விரும்பினர். கைம்பெண் மறுமணம், அதிலும் சாதி கடந்த மணம் என்பதால் சௌந்தரத்தின் பெற்றோர் இசையவில்லை. இருவரும் ஓராண்டு காலம் சந்திப்பும் கடிதத் தொடர்பும் இன்றிப் பிரிந்திருக்க வேண்டும், அதன் பின்னும் மனம் மாறாதிருந்தால் மணம் செய்யலாம் என்று காந்தியடிகள் கூறினார். மனம் மாறவில்லை. நவம்பர் 7, 1940 அன்று சேவாகிராமத்தில் காந்தி, கஸ்தூரிபா ஆகியோர் முன்னிலையில் திருமணம் நடந்தது.

1942-இன் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் சௌந்தரம் பங்குகொண்டார். பிப்ரவரி 22, 1944 அன்று கஸ்தூரிபா சிறைவைப்பில் மறைந்தபின் அவர் பெயரால் தேசிய நினைவு அறக்கட்டளை ஒன்று அமைக்கப்பட்டது. அதன் நிதி சிற்றூர்களில் மட்டுமே, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டுமே செலவிடப்படவேண்டும் என்றும், பணியைப் பெண்களே நடத்தவேண்டும் என்றும் காந்தியடிகள் வலியுறுத்தினார். இவ்வறக்கட்டளையின் தமிழ்நாட்டுப் பிரதிநிதியாகச் சௌந்தரம் பொறுப்பேற்றார்.

பழனி மலை அடிவாரம்

காந்திகிராமம் அமைந்த நிலப்பகுதியைப் பற்றி இங்குச் சிறிது கூறுவது பொருந்தும். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கி நீளும் கிளையே பழனி மலை. அதன் மேற்கில் மேல்மலையும் கிழக்கில் உயரம் குறைந்த கீழ்மலையும் உள்ளன. கிழக்கு முனைக்குக் கீழே ஆத்தூர் வட்டாரம். அதற்கும் அப்பால் சிறுமலை. இரு மலைகளுக்கும் இடைப்பட்ட சமவெளியில் திண்டுக்கல்–மதுரை இருப்புப்பாதை செல்கிறது. நெசவுக்குப் பெயர்பெற்ற சின்னாளபட்டியும், அதன் அருகே அம்பாத்துரை நிலையமும் இப்பாதையை ஒட்டியவை. இப்பகுதி முழுவதும் அன்று மதுரை மாவட்டத்தில் இருந்தது. திண்டுக்கல் மாவட்டம் 1985-இல்தான் பிரிக்கப்பட்டது.

மலைமேல் கல்வி வந்த வரலாறு வேறு. கொடைக்கானலில் 1845-இல் அமெரிக்க மதுரை மிசனைச் சேர்ந்தோர் வீடுகள் கட்டிக் குடியேறினர். 1901-இல் மிசனரிகளின் பிள்ளைகளுக்கென அங்கே உறைவிடப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது; இன்றைய கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி அதன் வழிவந்ததே. ஆங்கிலவழிக் கல்வியும் குளிர்ந்த காற்றும் தேடி வந்தோருக்கு மலையுச்சியில் பள்ளிகள் இருந்தன. மன்னவனூர், பூம்பாறை, தாண்டிக்குடி முதலிய மலைச் சிற்றூர்களின் உழவர் பிள்ளைகளுக்கும், பளியர், புலையர் முதலிய பழங்குடிப் பிள்ளைகளுக்கும், அடிவாரத்து நெசவாளர், கூலித் தொழிலாளர் பிள்ளைகளுக்கும் அந்தப் பள்ளிகள் எட்டாதவை. விடுதலைக்குப் பின் எடுக்கப்பட்ட முதல் கணக்கெடுப்பில் (1951) இந்தியாவின் எழுத்தறிவு விழுக்காடு 18.33. பெண்களிடையே அது 8.86 மட்டுமே. நூறு பெண்களில் தொண்ணூற்று ஒருவர் எழுத்தறியாதவர்.

சின்னாளபட்டியில் தொடக்கம்

1946 பிப்ரவரித் தொடக்கத்தில் காந்தியடிகள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்கும் பழனி முருகன் கோயிலுக்கும் வந்தார். ஒடுக்கப்பட்டோருக்குக் கதவடைத்த கோயில்களுக்குள் செல்வதில்லை என்றிருந்த அவர், கோயில் நுழைவுக்குப் பின்னரே இவற்றுள் நுழைந்தார். மதுரையிலிருந்து பழனிக்குச் சென்ற அப்பயணம் சின்னாளபட்டி வழியாகவே அமைந்தது. சௌந்தரம் மதுரைக்கும் இப்பகுதிக்கும் நன்கு அறிமுகமானவர். சின்னாளபட்டியில் ஒரு சிறு வீட்டில் மருத்துவ உதவி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அதுவே பின்னர் கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது.

அக்டோபர் 7, 1947 அன்று காந்திகிராமம் முறைப்படி தொடங்கப்பட்டது. கோ. இராமச்சந்திரன் 1948-இல் திருவிதாங்கூர் அமைச்சரவையில் இடம்பெற்றிருந்தார் என்பதைக் கருதினால், தொடக்க காலப் பொறுப்பில் சௌந்தரத்தின் பங்கு எத்தகையது என்பது விளங்கும். காந்திகிராமம் பற்றிய பல எழுத்துகளில் கணவரின் பெயர் முதலிலும் இவரது பெயர் துணையாகவும் வருகிறது. வரலாற்று வரிசையில் மருத்துவமனை முந்தியது.

மருத்துவம் எவ்வாறு கல்விக்கு இட்டுச்சென்றது என்பதற்குக் காரணம் எளிது. பேறுகாலத்தில் சிற்றூர்ப் பெண்ணைக் கவனிக்க மருத்துவச்சி வேண்டும். மருத்துவச்சிக்குப் பயிற்சி தரவேண்டுமாயின் அவர் எழுதப் படிக்கத் தெரிந்தவராக இருக்கவேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த பெண் அச்சிற்றூரில் இல்லை. பெண் ஆசிரியர் இல்லாத பள்ளிக்குப் பெற்றோர் மகளை அனுப்புவதில்லை. மகள் படிக்காததால் அவ்வூரிலிருந்து பெண் ஆசிரியரும் வருவதில்லை. இச்சுழலை எங்காவது ஓரிடத்தில் அறுக்கவேண்டியிருந்தது.

கல்வி தவறிய பெண்கள்

இவ்விடத்தில் சௌந்தரம் கைக்கொண்ட வழி, வளர்ந்த பெண்களிலிருந்து தொடங்குவது. கைம்பெண்கள், கணவனால் கைவிடப்பட்டோர், ஆதரவற்றோர் ஆகியோருக்குத் தங்குமிடம் அளித்து, படிப்பும் தொழிற்பயிற்சியும் தந்து, சிற்றூர்ப் பணியாளராக அனுப்புவதே அம்முறை. கஸ்தூரிபா அறக்கட்டளை கிராம சேவிகைகளையும் மருத்துவச்சிகளையும் குழந்தைப்பள்ளி ஆசிரியைகளையும் இவ்வாறு பயிற்றியது. காந்திகிராமத்தில் ஆதரவற்ற பெண்களுக்கு ஔவை ஆசிரமமும், ஆதரவற்ற குழந்தைகளுக்குச் சௌபாக்கிய இல்லமும் அமைந்தன.

இதனை அடைக்கலமாக மட்டும் கருதுவது பொருந்தாது. அடைக்கலம் பெறும் பெண் வாழ்நாள் முழுதும் பிறர் கையை எதிர்பார்ப்பார். பயிற்சி பெற்று ஊதியத்துடன் ஒரு சிற்றூருக்குச் செல்லும் பெண், அவ்வூரின் ஐம்பது சிறுமிகளுக்குப் பள்ளியின் முகமாகிறார். சகோதரி சுப்புலட்சுமி சென்னையில் பிராமணக் கைம்பெண்களிடையே செய்ததை, சௌந்தரம் சாதி எல்லையின்றிச் சிற்றூர்களில் செய்ய முயன்றார் எனலாம்.

இதே எண்ணம் பின்னர் நாடளாவிய திட்டமாகவும் வந்தது. துர்காபாய் தேஷ்முக் தலைமையிலிருந்த மைய சமூக நல வாரியம் 1958-இல் வயதுவந்த பெண்களுக்கான சுருக்கக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. பல ஆண்டுப் பள்ளிப் படிப்பைச் சுமார் இரண்டு ஆண்டுகளில் முடித்து, நடுநிலைப்பள்ளித் தேர்வையோ பள்ளியிறுதித் தேர்வையோ எழுதச் செய்வது அதன் அமைப்பு. சிற்றூர்களுக்குத் தேவைப்பட்ட ஆசிரியைகளையும் செவிலியரையும் பெறுவதே அதன் உடனடி நோக்கமாக இருந்தது.

ஆதாரக் கல்வி

காந்திகிராமத்தின் பள்ளிகள் ஆதாரக் கல்வி முறையில் தொடங்கின. 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்து, சாகிர் உசேன் குழு வடிவமைத்த முறை இது. ஏழாண்டுக் கட்டாயக் கல்வி, தாய்மொழிவழிப் பாடம், ஒரு கைத்தொழிலை நடுவாகக் கொண்டு பிற பாடங்களை இணைத்தல் ஆகியன அதன் கூறுகள். நூல் நூற்கும் மாணவன் நூலின் நீளத்தை அளந்து கணக்கும், பருத்தி விளையும் மண்ணைக் கொண்டு நிலவியலும், துணி வணிகத்தைக் கொண்டு வரலாறும் கற்பான் என்பது கோட்பாடு. இம்முறையைப் பரப்பிய இந்துஸ்தானி தாலிமி சங்கத்தின் செயலாளர் ஆரியநாயகம் ஓர் இலங்கைத் தமிழர் என்பது குறிப்பிடத்தக்கது.

காந்திகிராமத்தின் தம்பித்தோட்டம் பள்ளி இம்மரபில் வந்ததே. இன்று அது மேல்நிலைப் பள்ளியாக இயங்குகிறது. ஆசிரியர் பயிற்சிக்கென இலட்சுமி கல்வியியல் கல்லூரியும் காந்திகிராமத்தில் உள்ளது.

ஆதாரக் கல்வி இந்தியாவில் எங்கும் நிலைக்கவில்லை. நன்கு பயிற்சி பெற்ற ஆசிரியர் கிடைக்காத இடங்களில் தொழில் ஒருபுறமும் பாடம் மறுபுறமுமாகப் பிரிந்து நின்றன. பெற்றோரின் ஐயம் இன்னும் ஆழமானது. நெசவாளரின் மகன் நூற்பதற்குப் பள்ளி எதற்கு, வீட்டிலேயே நூற்பானே என்று அவர்கள் கேட்டனர். நகரத்துப் பிள்ளை ஆங்கிலமும் அறிவியலும் கற்கும்போது நம் பிள்ளைக்கு மட்டும் இராட்டையா என்ற கேள்விக்கு ஆதாரக் கல்வியாளர்களிடம் கொள்கை அளவில் விடை இருந்தது: எல்லாப் பிள்ளைகளும் இராட்டை கற்கவேண்டும் என்பதே அது. நடைமுறையில் நகரப் பள்ளிகள் அதைக் கற்கவில்லை. எனவே அந்த விடை செல்லவில்லை.

ஊரக உயர்கல்வி நிறுவனம்

பள்ளி முடித்த சிற்றூர் மாணவர் அடுத்து எங்கே செல்வார்? மதுரைக்கோ சென்னைக்கோ செல்லவேண்டும்; சென்றவர் திரும்புவதில்லை. இராதாகிருட்டிணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு (1948–49) ஊரகப் பல்கலைக்கழகங்களை அமைக்கப் பரிந்துரைத்தது. பின்னர் கே. எல். சிறீமாலி தலைமையிலான குழு ஊரக உயர்கல்வி நிறுவனங்களை அமைக்க வழி வகுத்தது. 1956-இல் தேசிய ஊரக உயர்கல்விக் குழு அமைக்கப்பட்டு, நாட்டின் பல பகுதிகளில் ஏற்கனவே பணியாற்றிவந்த அமைப்புகளிடம் இந்நிறுவனங்கள் ஒப்படைக்கப்பட்டன. தமிழகத்தில் இரண்டு அமைந்தன. ஒன்று கோவை பெரியநாயக்கன்பாளையத்தில் அவினாசிலிங்கம் நிறுவிய இராமகிருட்டிண வித்தியாலயத்தில், மற்றொன்று காந்திகிராமத்தில்.

மாணவர்கள் வகுப்பறையில் மட்டும் பயில்வதில்லை என்பது காந்திகிராம நிறுவனத்தின் தனித்தன்மை. விரிவாக்கப் பணி பாடத்தின் ஒரு பகுதி. மாணவர்கள் குழுவாகச் சிற்றூர்களில் தங்கி, வீடு வீடாகக் கணக்கெடுத்து, அவ்வூர் மக்களுடன் பணியாற்றவேண்டும். சாந்திசேனை என்னும் மாணவர் அமைதிப் படையும் இங்கு இயங்கியது. அருகிலுள்ள ஆத்தூர் ஒன்றியத்தில் 1959-இல் தொடங்கிய முன்னோடி நலவாழ்வுத் திட்டம் இவ்வகைக் களப்பணிக்கு ஒரு சான்று. குடும்பநலக் கல்வியை வீட்டுவாசலுக்குக் கொண்டுசென்ற இத்திட்டம் 1964-இல் ஊரக நலவாழ்வு, குடும்பநல நிறுவனமாக வளர்ந்தது. ஆத்தூர் ஆய்வு எனப்படும் இம்முயற்சி மக்கள்தொகை ஆய்வாளர்களால் பரவலாக அறியப்பட்டது.

பட்டயத்தின் மதிப்பு

ஊரக நிறுவனங்கள் வழங்கியது பட்டம் அன்று. ஊரகப் பணிகளுக்கான மூன்றாண்டுப் பட்டயம். அரசு அதை முதல் பட்டத்திற்கு நிகராகக் கொண்டது. ஆனால் ஒரு சான்றிதழின் மதிப்பு அதை வழங்கியவர் கையில் இல்லை. அதை ஏற்பவர் கையில் உள்ளது. முதுகலையில் சேர்க்கும் பல்கலைக்கழகங்களும் வேலை தரும் அலுவலகங்களும் அப்பட்டயத்தை ஒரே வகையாக ஏற்கவில்லை. மூன்றாண்டு உழைத்த மாணவர், நகரக் கல்லூரியில் இளங்கலை முடித்தவருடன் ஒரே வரிசையில் நிற்கும்போது தம் தாளை விளக்கிச் சொல்லவேண்டியிருந்தது. விளக்கவேண்டிய சான்றிதழ் பாதி சான்றிதழே. தொழிற்கல்விப் பட்டயம் பெற்றோர் இதை நன்கு அறிவர்.

இதில் அடங்கிய சிக்கல் பெரியது. சிற்றூருக்கெனத் தனிப் பாடத்திட்டம் வகுத்தால் அது சிற்றூர் வாழ்வுடன் பொருந்தும். ஆனால் இரண்டாம் தரமாகக் கருதப்படும். நகரப் பாடத்திட்டத்தையே கொணர்ந்தால் மதிப்பு கிடைக்கும். ஆனால் கற்றவர் ஊரைவிட்டு நீங்குவார். 1956-இல் தொடங்கிய ஊரக நிறுவனங்களுட் பல இச்சிக்கலில் தம் தனித்தன்மையை இழந்து, வழக்கமான பல்கலைக்கழகங்களுடன் இணைந்த கல்லூரிகளாயின.

காந்திகிராமம் வேறு வழியில் சென்றது. பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் 1956, பிரிவு 3-இன் கீழ் 1976-இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக அறிவிக்கப்பட்டது. அதன்பின் அது தன் பெயரில் பட்டம் வழங்க முடிந்தது. பாடத்திட்டத்தைத் தானே வகுத்துக்கொள்ளவும் உரிமை பெற்றது. களப்பணியைக் கைவிடாமலே பட்டத்தின் மதிப்பும் கிடைத்தது. இதற்கு இருபது ஆண்டுகள் ஆயின. அந்த இருபது ஆண்டுகளில் பட்டயத்துடன் வெளியேறிய மாணவர்களே இம்முயற்சியின் விலையைக் கொடுத்தவர்கள் எனலாம்.

அரசியல்

சௌந்தரம் காங்கிரசுக் கட்சியின் சார்பில் 1952-இல் ஆத்தூர் தொகுதியிலிருந்தும், 1957-இல் வேடசந்தூர் தொகுதியிலிருந்தும் சென்னை மாநிலச் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். காமராசர் முதலமைச்சராக இருந்த காலம் (1954–63) பெரும்பாலும் இதனுள் அடங்கும். பள்ளியில்லா ஊர்களில் பள்ளி திறத்தல், 1956-இல் தொடங்கிய மதிய உணவு, கட்டணச் சலுகை ஆகியவற்றால் சென்னை மாநிலத்தில் பள்ளி சேர்வோர் தொகை விரைந்து உயர்ந்த காலமும் இதுவே. அப்பணியை நிருவாகத்தில் முன்னெடுத்தவர் பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு.

1962-இல் திண்டுக்கல் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, நேரு அமைச்சரவையில் கல்வித்துறைத் துணை அமைச்சரானார். சாஸ்திரி, இந்திரா காந்தி ஆகியோரின் காலத்திலும் அப்பொறுப்பில் தொடர்ந்தார். 1967 தேர்தலில் தி.மு.க. வேட்பாளரிடம் தோல்வியுற்றபின் தேர்தல் அரசியலிலிருந்து விலகிக் காந்திகிராமத்திற்குத் திரும்பினார்.

துணை அமைச்சராக

இந்தியா முழுவதும் இலவசக் கட்டாயத் தொடக்கக் கல்வியை நடைமுறைப்படுத்தியவர் இவர் எனச் சில வாழ்க்கைக் குறிப்புகளில் காணப்படுகிறது. இதை அப்படியே ஏற்பது கடினம். அரசியலமைப்பின் 45-ஆம் பிரிவு, பதினான்கு வயது வரையான எல்லாக் குழந்தைகளுக்கும் பத்தாண்டுகளுக்குள் இலவசக் கட்டாயக் கல்வி தர அரசு முயலவேண்டும் என்று கூறியது. பத்தாண்டு 1960-இல் முடிந்தது, இலக்கு எட்டப்படவில்லை. பள்ளிக்கல்வி அன்று மாநிலப் பட்டியலில் இருந்தது; 1976-இன் நாற்பத்திரண்டாம் திருத்தமே அதைப் பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. எனவே 1962–67-இல் நடுவண் துணை அமைச்சர் ஒருவர் செய்யக்கூடியது, நிதி ஒதுக்குவதும் மாநிலங்களை வலியுறுத்துவதுமே. கல்வி அடிப்படை உரிமையானது 2002-இன் எண்பத்தாறாம் திருத்தத்தால்; அதைச் செயற்படுத்தும் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு ஏப்ரல் 1, 2010 அன்று நடைமுறைக்கு வந்தது. சௌந்தரத்தின் பங்கு இந்த நீண்ட பாதையின் ஒரு பகுதியில் அமைந்தது என்பதே சரியான கூற்று.

அவர் பொறுப்பிலிருந்த ஆண்டுகள் கல்விக் கொள்கையில் முதன்மையானவை. ஊரகப் பகுதிகளில் பெண்கல்விக்கு மக்கள் ஆதரவு குறைவாயிருப்பது ஏன் என்று ஆராய 1963-இல் எம். பக்தவத்சலம் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. சிற்றூர்களில் பெண் ஆசிரியர்களை நியமிப்பதும் அவர்களுக்குத் தங்குமிடம் அமைப்பதும் அங்குப் பேசப்பட்ட பொருள்களுள் சில. சின்னாளபட்டியில் சௌந்தரம் நேரில் கண்ட அதே சிக்கல்கள். 1964-இல் கோத்தாரி கல்விக் குழு அமைக்கப்பட்டு 1966-இல் அறிக்கை அளித்தது. அருகமைப் பள்ளி, நாட்டு வருவாயில் ஆறு விழுக்காட்டைக் கல்விக்குச் செலவிடுதல் முதலிய இன்றும் பேசப்படும் கருத்துகள் அதில் உள்ளன.

நாட்டு நலப்பணித் திட்டத்தையும் இவர் பெயருடன் இணைப்பது உண்டு. அத்திட்டம் செப்டம்பர் 24, 1969 அன்று, இவர் பதவி விலகி இரண்டாண்டுகளுக்குப் பின் தொடங்கியது. மாணவர்களைச் சமூகப் பணியில் ஈடுபடுத்தும் எண்ணம் 1950-களிலிருந்தே பல குழுக்களால் ஆராயப்பட்டு வந்தது. கோத்தாரிக் குழுவும் அதைப் பரிந்துரைத்தது. காந்திகிராம மாணவர்களின் களப்பணி அதற்கு முன்மாதிரிகளுள் ஒன்றாக இருந்தது என்று கூறலாம்.

கொடைக்கானலில் மகளிர் பல்கலைக்கழகம்

சௌந்தரம் மறைந்த 1984-ஆம் ஆண்டிலேயே தமிழக அரசு பெண்களுக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் ஒன்றைச் சட்டமியற்றி நிறுவியது. அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் என்னும் அது அமைந்த இடம் கொடைக்கானல். அப்பல்கலைக்கழகத்தை அமைத்ததில் சௌந்தரத்திற்குப் பங்கு இருந்ததாகக் கொள்ளவேண்டியதில்லை. எனினும் 1901-இல் மிசனரிகளின் பிள்ளைகளுக்குப் பள்ளி அமைந்த அதே மலையூரில், எண்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் தமிழகப் பெண்களுக்கான பல்கலைக்கழகம் வந்தது என்பது அப்பகுதியின் கல்வி வரலாற்றில் குறிக்கத்தக்க மாற்றம். மலையடிவாரத்தில் காந்திகிராமமும் மலைமேல் மகளிர் பல்கலைக்கழகமுமாக ஒரே மாவட்டத்தில் இரு பல்கலைக்கழகங்கள் இன்று உள்ளன.

மறைவும் நினைவும்

அக்டோபர் 21, 1984 அன்று தம் எண்பதாவது வயதில் சௌந்தரம் காலமானார். காந்திகிராம அமைப்புகளில் இவர் இன்றும் அம்மா என்றே குறிக்கப்படுகிறார். கஸ்தூரிபா மருத்துவமனை, ஔவை ஆசிரமம், சௌபாக்கிய இல்லம், தம்பித்தோட்டம் பள்ளி ஆகியவை தொடர்ந்து இயங்கி வருகின்றன. இந்திய அஞ்சல் துறை அக்டோபர் 2, 2005 அன்று இவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.